இராயவரத்துக்கு ஒரு வேன்: வள்ளியப்பா ரசிகர்களின் பயணத் திட்டம்

இராயவரம் போகலாம் என்று முடிவாகிவிட்டது. புதுக்கோட்டை மாவட்டத்தில், குழந்தைக் கவிஞர் அழ. வள்ளியப்பா பிறந்த ஊர். எங்கள் வாட்ஸ்அப் குழுவில் யாராவது ஒருவர் "ஒரு தடவை எல்லாரும் சேர்ந்து போயிட்டு வரணும்" என்று போடுவதும், மற்றவர்கள் கைதட்டுகிற பொம்மை போடுவதும், அதோடு அது அமுங்கிப்போவதுமாக ரொம்ப நாளாக ஓடிக்கொண்டிருந்தது. வேலூர் டீச்சர் அக்கா "தேதியைச் சொல்லுங்க, இல்லைன்னா இந்தப் பேச்சையே விடுங்க" என்று கறாராகக் கேட்டதும்தான் காரியம் நகர்ந்தது. ஒருங்கிணைக்கிற பொறுப்பு என் தலையில் விழுந்திருக்கிறது. ஆளாளுக்குப் போனில் பதில் சொல்லி மாளவில்லை என்பதால் எல்லாவற்றையும் இங்கேயே எழுதிவிடுகிறேன், வருகிறவர்கள் முழுசாகப் படித்துவிட்டு அப்புறம் கேள்வி கேளுங்கள்.

முதலில், யார் இவர் என்று கேட்கிற வீட்டுக்காரர்களுக்கும் வீட்டுக்காரிகளுக்கும். லட்டுப் பாட்டும் மல்கோவா மாம்பழப் பாட்டும் தெரியாத தமிழ்க் குழந்தை கிடையாது, ஆனால் அவற்றை எழுதிய ஆள் ஒருவர் உண்டு என்பது பாதிப் பேருக்குத் தெரியாது. என் நாத்தனார்கூட "அதெல்லாம் அந்தக் காலத்துலேர்ந்து வர்ற நாட்டுப்புறப் பாட்டு இல்லையா அண்ணி?" என்றுதான் கேட்டாள். ஒரு கவிஞருக்கு இதைவிடப் பெரிய வெற்றி என்ன வேண்டும் என்று ஒரு பக்கம் தோன்றினாலும், பேர் தெரியாமலே போகிறதே என்று இன்னொரு பக்கம் எரிச்சலாகவும் இருந்தது.

1922 நவம்பர் 7-ல் பிறந்தார். உயர்நிலைப் பள்ளிப் படிப்பு பக்கத்தில் இராமச்சந்திரபுரத்தில், அதாவது கடியாபட்டியில். 1940-ல் சென்னைக்கு வந்து 'சக்தி' பத்திரிகை அலுவலகத்தில் காசாளராகச் சேர்ந்தார், அங்கே எழுத்தாளர் தி.ஜ.ர. எழுதச் சொல்லித் தூண்டினார். அப்புறம் இந்தியன் வங்கியில் உத்தியோகம். பகலில் பேரேடு, மற்ற நேரமெல்லாம் குழந்தைப் பாட்டு. முதல் தொகுப்பு 'மலரும் உள்ளம்' 1944-ல் வந்தது. 1950-ல் குழந்தை எழுத்தாளர் சங்கம் தொடங்கக் காரணமாக இருந்தார், நடுவில் 'பூஞ்சோலை' மாதிரி சிறுவர் பத்திரிகைகளை நடத்தினார், வங்கியிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு 'கோகுலம்' சிறுவர் இதழுக்கு ஆசிரியரானார், 1989 மார்ச்சில் காலமாகும்வரை அதில் இருந்தார். எங்கள் குழுவில் கணிசமான பேர் அந்தக் கோகுலத்தைப் படித்து வளர்ந்தவர்கள். ஒருவருக்கு அதில் அச்சான தன்னுடைய நாலு வரிக் கடிதம் இன்னும் லேமினேஷன் போட்டு வீட்டில் இருக்கிறது.

இராயவரத்துக்கு இன்னொரு பெருமையும் உண்டு. சக்தி காரியாலயம் நடத்திய வை. கோவிந்தனும் இதே ஊர்தான். பாரதியார் கவிதைகள் முழுத் தொகுப்பை 1957-ல் ஒன்றரை ரூபாய்க்குக் கொடுத்தவர். 'அணில்' என்ற சிறுவர் பத்திரிகையையும் நடத்தினார். ஒரு சின்ன ஊர், அதிலிருந்து ஒரு பதிப்பாளர், அவரிடம் வேலைக்குப் போன பையன் ஒரு கவிஞர். இதற்காகவே அந்த மண்ணை ஒரு தரம் மிதிக்கலாம்.

சரி, தேதி. இதில்தான் சண்டை. பிறந்தநாள் நவம்பர் 7, ஒரு வாரத்தில் குழந்தைகள் தினமும் வருகிறது, ஆகவே நவம்பர்தான் பொருத்தம் என்று பலர் சொன்னார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நவம்பரில் வடகிழக்குப் பருவமழை கொட்டும். ஒரு காற்றழுத்தத் தாழ்வு நிலை உருவானால் போதும், கலெக்டர் லீவு விடுவார், நாம் லாட்ஜ் ஜன்னல் வழியாகப் புதுக்கோட்டையைப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். கையில் குழந்தைகளை வைத்துக்கொண்டு அந்த விஷப்பரீட்சை வேண்டாம். டிசம்பரில் அரையாண்டுத் தேர்வு. ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சி, நம்மில் பாதிப் பேர் ஸ்டாலில் நிற்பார்கள், மீதிப் பேர் ஸ்டாலில் நிற்கிறவர்களோடு நின்று பேசிக்கொண்டிருப்பார்கள். அப்புறம் பொங்கல், ஜல்லிக்கட்டு, புதுக்கோட்டைப் பக்கம் வண்டி கிடைக்காது. மார்ச் வந்தால் வெயில், பரீட்சை. ஆகவே பிப்ரவரி, இரண்டாவது சனி, ஞாயிறு. இரண்டாவது சனி வங்கிக்காரர்களுக்கும் விடுமுறை என்பது கூடுதல் வசதி. வங்கிக்காரர் ஒருவரின் ஊருக்குப் போகிறோம், அவர்களை விட்டுவிட்டுப் போனால் நன்றாக இராது. பிளஸ் டூ பிள்ளைகள் வீட்டில் இருப்பவர்களுக்குச் செய்முறைத் தேர்வு இடிக்கும், மன்னிக்கவும், எல்லாருக்கும் தோதான தேதி பஞ்சாங்கத்திலேயே கிடையாது.

பஞ்சாங்கம் என்றதும் ஞாபகம் வருகிறது: அது தை, மாசி. முகூர்த்த நாளாக இருந்தால் புதுக்கோட்டையில் லாட்ஜ் அறை கல்யாண வீட்டார் கைக்குப் போய்விடும். அதனால் அறைக்கு இப்போதே முன்பணம் கட்டப்போகிறேன். இந்த ஒரு காரணத்துக்காகத்தான் பணத்தைச் சீக்கிரம் கேட்கிறேன், வேறு எதற்கும் இல்லை.

ரயில் விஷயம் கொஞ்சம் யோசிக்க வேண்டியது. சென்னையிலிருந்து புதுக்கோட்டைக்கு ராமேஸ்வரம் வண்டிகள் இருக்கின்றனவே என்று எல்லாரும் சொல்கிறீர்கள். இருக்கின்றன, ஆனால் அவை புதுக்கோட்டையைத் தாண்டுவது நள்ளிரவிலும் அதை ஒட்டிய நேரத்திலும்தான். தூங்குகிற குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, இன்னொன்றைக் கையில் பிடித்துக்கொண்டு, பையை யார் எடுத்தது என்று இருட்டில் கத்திக்கொண்டே இறங்குகிற அனுபவம் யாருக்கும் தேவையில்லை. அதனால் வெள்ளிக்கிழமை பல்லவன் எக்ஸ்பிரஸ். பிற்பகலில் கிளம்பி இரவு படுக்கிற நேரத்துக்கு முன்னால் புதுக்கோட்டையில் இறக்கிவிடும், நேரே போய்ப் படுத்துவிடலாம். உட்கார்ந்து போகிற வண்டி, குழந்தைகள் நடந்து திரியலாம். அரைநாள் லீவு போட வேண்டியிருக்கும், போடுங்கள். காரைக்குடியில் நிறைய தங்குமிடம் உண்டே என்று கோயம்புத்தூர் அண்ணன் கேட்டார். உண்டுதான், செட்டிநாட்டு வீட்டைப் புதுப்பித்து நடத்துகிற ஹோட்டல்கள் எல்லாம் அழகுதான், வாடகை நமக்குக் கட்டுப்படியாகாது. தவிர ஞாயிற்றுக்கிழமை நமக்குப் புதுக்கோட்டையிலேயே வேலை இருக்கிறது.

இனி முக்கியமான விஷயம். அங்கே போய் என்ன செய்யப் போகிறோம்?

குழுவில் வந்த யோசனைகளைப் பார்த்தால் எனக்குத் தலை சுற்றியது. ஒரு கருத்தரங்கம், தலைப்பு "குழந்தை இலக்கியம்: நேற்று, இன்று, நாளை". பிளெக்ஸ் பேனர். உள்ளூர்ப் பிரமுகர் தலைமை. வந்தவர்களுக்கெல்லாம் பொன்னாடை, நினைவுப் பரிசு. யாராவது இரண்டு பேர் புத்தக வெளியீடும் வைத்துக்கொள்ளலாமா என்றார்கள். இதெல்லாம் நடந்தால் எப்படி இருக்கும் என்று எனக்கு நன்றாகத் தெரியும், உங்களுக்கும் தெரியும்: மேடையில் ஏழெட்டுப் பெரியவர்கள், மைக் "கீ" என்று கத்தும், நேரம் கருதி என்று ஆரம்பித்து முக்கால் மணி நேரம் பேசுவார்கள், குழந்தைகள் கடைசி வரிசையில் அப்பாவின் போனைப் பிடுங்கிக்கொண்டு கேம் ஆடும். குழந்தைகளுக்காகவே வாழ்நாள் பூராவும் எழுதிய மனிதரின் ஊரில் குழந்தைகளை வாயை மூடு என்று அடக்கி உட்கார வைப்பதைவிட அவருக்கு வேறு அவமரியாதை வேண்டியதில்லை. நான் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன், மேடை கிடையாது, மைக் கிடையாது, சால்வை கிடையாது. பேசியே ஆக வேண்டும் என்பவர்கள் ரயிலில் பேசலாம், போதுமான நேரம் இருக்கிறது.

அதற்குப் பதிலாகப் பாட்டு. சும்மா அல்ல, நடித்துப் பாடுவது. அந்த லட்டுப் பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். எட்டு லட்டு, பாதி அண்ணனுக்கு, மீதி தங்கைக்கு, கடைசியில் காலித் தட்டு. ஒரு கழித்தல் கணக்கு, ஒரு வீட்டுக்குள் நடக்கிற நியாயமான பங்கீடு, வரிக்கு வரி 'ட்டு' என்று முடிகிற ஓசை, எல்லாம் பத்துப் பன்னிரண்டு வரிக்குள். எங்கள் மாடிவீட்டு யுகேஜி பெண் இதைப் பாடுகிறபோது கவனித்திருக்கிறேன். ஒவ்வொரு 'ட்டு'வுக்கும் ஒரு படி இறங்குவாள், வலது காலைத் தொம்மென்று வைத்து, கைப்பிடிக் கம்பியை ஒரு தட்டுத் தட்டி. பாட்டு முடிகிற இடமும் படி முடிகிற இடமும் ஒத்துவராவிட்டால் திரும்ப மேலே ஏறிப்போய் ஆரம்பத்திலிருந்து பாடுவாள். அவளுக்கு யாரும் தாளம் சொல்லிக்கொடுக்கவில்லை, வரியிலேயே அது இருக்கிறது. பெரியவர்கள் இதையே பாடினால் என்னவோ தேவாரம் மாதிரி இழுத்து இழுத்துப் பாடுகிறோம், அது வேறு விஷயம்.

ஆகவே திட்டம் இது. எவர்சில்வர் தட்டில் நிஜமாகவே எட்டு லட்டு. இரண்டிரண்டு குழந்தைகளாக உட்கார வைத்து, மற்றவர்கள் பாட, அவர்கள் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். இதை நான் சொன்னதும் எல்லாரும் ஆஹா என்றார்கள், டீச்சர் அக்கா மட்டும், "கண்ணு, ஒரு குழந்தைக்கு நாலு லட்டு ஆகுது. அப்புறம் வேன்ல ஏத்துவே. யார் தொடைக்கிறது?" என்றார். அனுபவஸ்தர் சொன்னால் கேட்டுக்கொள்ள வேண்டும். நெல்லிக்காய் அளவில் குட்டிக் குட்டி பூந்தி லட்டாகப் பிடித்துத் தரச் சொல்லி ஸ்வீட் கடையில் பேசியிருக்கிறேன், தனியாகத்தான் பிடிக்க வேண்டும், கிலோவுக்குக் கொஞ்சம் கூட ஆகும் என்றார் மாஸ்டர். ஆகட்டும். நெய் வாசனையில் மட்டும் குறை வைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

இதை எங்கே நடத்துவது? அவர் பிறந்த வீட்டுத் திண்ணையில் என்று எல்லாருக்கும் ஆசை. இங்கே கொஞ்சம் நிதானம் வேண்டும். நகரத்தார் வீடுகள் பெரும்பாலும் ஒருவருக்கு மட்டும் சொந்தமாக இருப்பதில்லை, தலைமுறை தலைமுறையாகப் பங்காளிகள் பலருக்குப் பங்கு இருக்கும். ஒருவர் சென்னையில் இருப்பார், ஒருவர் சிங்கப்பூரில், ஒருவர் சரி என்றால் இன்னொருவரையும் கேட்க வேண்டும். பல ஊர்களில் நல்லது கெட்டதுக்கு மட்டும் திறக்கிற வீடுகள்தான் அதிகம். அதனால் எந்த வீட்டுக்குள்ளும் போவதாக நம் திட்டத்தில் இல்லை. தெருவில் நடப்போம், வெளியே நின்று பார்ப்போம், கதவைத் தட்டிக் கூப்பிட்டு "உள்ளே முற்றம் பார்க்கலாமா, ஆத்தங்குடித் தரை பார்க்கலாமா" என்று கேட்க மாட்டோம். அவர்களாகக் கூப்பிட்டால் செருப்பைக் கழற்றிவிட்டுப் போய் ஒரு வாய்த் தண்ணீர் குடித்துவிட்டு வருவோம், தப்பில்லை. யாராவது ஆச்சி வாசலில் உட்கார்ந்திருந்தால் முதலில் போய்ப் பேசுகிற வேலை நம் குழுவின் காரைக்குடிக்காரருக்கு, "ஆச்சி, நல்லா இருக்கீகளா" என்று அந்தப் பக்கத்துப் பேச்சில் அவர் ஆரம்பித்தால் பாதி வேலை முடிந்துவிடும். நிகழ்ச்சிக்கு ஊரில் ஒரு சின்ன மண்டபத்தை அரைநாளுக்குக் கேட்டிருக்கிறோம். மண்டபம் என்றதும் மறுபடியும் மேடை ஞாபகம் வந்துவிட வேண்டாம். அது கழிப்பறைக்காகவும் நிழலுக்காகவும். குழந்தைகளோடு கிளம்புகிற எந்தப் பயணத்திலும் முதலில் விசாரிக்க வேண்டியது பாத்ரூம்தான், இலக்கியம் அப்புறம்.

உள்ளூர்க் குழந்தைகளும் வருவார்கள். இரண்டாவது சனி என்பதால் பள்ளியில் வகுப்பைக் கலைத்துப் பிள்ளைகளை வெளியே கொண்டுவருகிற பாவம் நமக்கு வேண்டாம், இஷ்டப்பட்டவர்கள் வரட்டும். பள்ளி வழியாகச் சொல்லிவிடும்படி தலைமையாசிரியருக்கு ஒரு கடிதம் போயிருக்கிறது. இதில் இரண்டு வேண்டுகோள். ஒன்று, உள்ளூர்ப் பிள்ளைகளைப் படமெடுத்து அங்கங்கே போடாதீர்கள், பெற்றோரைக் கேட்காமல் எடுக்கவே வேண்டாம். இன்னொன்று, புத்தகம் கொடுக்கிறோம் என்ற பெயரில் வீட்டுப் பரணில் இருப்பதையெல்லாம் மூட்டை கட்டி எடுத்துவரக் கூடாது. போட்டித் தேர்வு வழிகாட்டியும், பழுப்பேறிய பொது அறிவுப் புத்தகமும், நமக்கே விற்காமல் தங்கிப்போன கவிதைத் தொகுப்பும் நன்கொடை ஆகாது. நிறைய படம், பெரிய எழுத்து, கிழியாத தாள், இதுதான் கணக்கு. பட்டியலை டீச்சர் அக்கா போடுவார், காசை நாம் போடுவோம்.

அப்புறம் அரிமளம் பிரச்சனை. நம் குழுவில் ஒரு கோஷ்டி, சிறுவர் கதை எழுத்தாளர் வாண்டுமாமாவின் கோஷ்டி என்பது தெரிந்ததே. வாண்டுமாமா பிறந்தது அரிமளத்தில், 1925-ல், இயற்பெயர் வி. கிருஷ்ணமூர்த்தி, பெரியவர்களுக்கு எழுதும்போது கௌசிகன். இராயவரமும் அரிமளம் ஒன்றியத்தில்தான் வருகிறது, வேனில் போனால் அரைமணி நேரத்துக்குள் அடைந்துவிடலாம். "அவ்வளவு பக்கத்துல போயிட்டு எங்க ஆள் ஊருக்குப் போகலைன்னா எப்படி?" என்று ஒரு தம்பி கொதித்துவிட்டான். அவன் பேச்சில் நியாயம் இருக்கிறது. இன்னும் சொல்லப்போனால் 1972-ல் கோகுலம் தொடங்கியபோது அதை உருவாக்கியதில் வாண்டுமாமாவுக்குப் பெரிய பங்கு, பிற்பாடு அதே கோகுலத்துக்கு ஆசிரியராக வந்தவர் வள்ளியப்பா. பக்கத்துப் பக்கத்து ஊர்க்காரர்கள் இரண்டு பேர், ஒரே பத்திரிகை. நம் சிறு வயசில் கையில் இருந்த ஒரு இதழுக்குப் பின்னால் இந்த ஒரு துண்டு நிலத்தின் இரண்டு பேர் நின்றிருக்கிறார்கள் என்று யோசித்தால் சிலிர்க்கத்தான் செய்கிறது. அந்தப் பக்கம் அப்போதெல்லாம் சிறுவர் பத்திரிகைகளுக்குக் குறைவில்லை. சுதந்திரத்தை ஒட்டிய காலத்தில் புதுக்கோட்டையிலிருந்தும் செட்டிநாட்டுப் பக்கமிருந்தும் வரிசையாக வந்துகொண்டிருந்தன. 1948 வரை புதுக்கோட்டை தனிச் சமஸ்தானம், கையில் காசிருந்த ஊர்கள், பர்மா மலேயா என்று போய்வந்த குடும்பங்கள், படிப்பில் ஆர்வம். எல்லாம் சேர்ந்திருக்க வேண்டும்.

ஆனால் ஒரே நாளில் எல்லாவற்றையும் திணித்தால் எதுவும் உருப்படாது. இந்த மாதிரி ரசிகர் பயணங்களில் நான் பார்த்த வியாதி இதுதான், எட்டு இடம் போட்டு, ஒவ்வொன்றிலும் இறங்கி, குரூப் போட்டோ எடுத்து, ஏறி, அடுத்தது. சனிக்கிழமை காலை முழுவதும் இராயவரம், இதில் மாற்றம் இல்லை. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அரிமளம் வழியாக ஒரு சுற்று, தெருவில் இறங்கி நடந்து, டீ குடித்து, வாண்டுமாமா கோஷ்டி ஆளுக்கொரு கதையைச் சொல்லட்டும். படக்கதை வைத்திருப்பவர்கள் எடுத்து வாருங்கள், ஓவியர் செல்லத்தின் படங்களைப் பிள்ளைகளுக்குக் காட்டலாம். பக்கம் உடைந்துபோகிற பழசுகளை வேண்டாம், குழந்தைகள் கை பட்டால்தான் புத்தகம், ஆனால் உங்களுக்கு நெஞ்சு வலி வந்தால் யார் பார்ப்பது?

சாயங்காலம் திருமயம் கோட்டை. இது பிள்ளைகளுக்காக. 1687-ல் ராமநாதபுரம் சேதுபதி கட்டியது, மலைமேல் பீரங்கி உண்டு, ஏறினால் காற்று பிய்த்துக்கொண்டு போகும். வெயில் தாழ்ந்து ஏறி, இருட்டுவதற்குள் இறங்க வேண்டும், தொல்லியல் துறை சாத்திவிடும். பாறை வழுக்காது என்றாலும் குழந்தைகளுக்கு வார் வைத்த செருப்பு அவசியம். கீழே குடைவரைக் கோயில்கள் இரண்டு, சிவனும் பெருமாளும் ஒரே பாறையில் அடுத்தடுத்து. 13-ஆம் நூற்றாண்டில் இரண்டு கோயில்காரர்களுக்கும் பாகத்தகராறு வந்து, பஞ்சாயத்துப் பேசி, பிரித்துக்கொடுத்ததைக் கல்வெட்டாகவே வெட்டி வைத்திருக்கிறார்கள். வள்ளியப்பா கோஷ்டியும் வாண்டுமாமா கோஷ்டியும் அதற்கு முன்னால் நின்று ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளலாம்.

ஞாயிறு காலை புதுக்கோட்டையிலேயே இருக்கிற திருக்கோகர்ணம். அங்கே ஞானாலயா நூலகம் இருக்கிறது, ஒரு லட்சத்துக்கு மேல் புத்தகங்கள், முதல் பதிப்புகள், பழைய இதழ்கள். தனியார் நூலகம், முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும், கும்பலாகப் போய் நிற்க முடியாது. அதனால் பெரியவர்கள் இரண்டு பிரிவாகப் போவோம், ஒரு பிரிவு உள்ளே இருக்கும்போது மற்றவர்கள் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு பக்கத்தில் அரசு அருங்காட்சியகம். 1910-ல் தொடங்கியது, பாடம் செய்த விலங்குகள் இருக்கின்றன, பிள்ளைகள் அங்கிருந்து கிளம்ப மறுப்பார்கள். நூலகத்துக்குள் புத்தகத்தைத் தொடுவதற்கு முன் கையைக் கழுவித் துடைத்துக்கொள்ளுங்கள், எச்சில் தொட்டுப் பக்கம் திருப்புகிறவர்கள் தயவுசெய்து வெளியிலேயே இருங்கள், யாரைச் சொல்கிறேன் என்று அவருக்கே தெரியும். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வேனிலேயே திருச்சி. அங்கிருந்து அவரவர் ஊருக்கு வண்டி கிடைக்கும்.

சாப்பாடு: சனி மத்தியானம் மண்டபத்தில் எளிய சாப்பாடு, சாம்பார், ரசம், ஒரு பொரியல், தயிர், அப்பளம். உள்ளூர் சமையல்காரர் ஒருவரிடம் பேசியாயிற்று. செட்டிநாட்டுக்குப் போய் சாம்பார் சாதமா என்று முகம் சுளிக்கிறவர்கள் சனி ராத்திரி புதுக்கோட்டையில் அவரவர் காசில் முட்டை மாஸ், கோழி என்று வெளுத்து வாங்கலாம், நானும் வருகிறேன். காரமில்லாமல் சாப்பிடுகிற குழந்தைகளுக்கு இட்லியும் தயிர்சாதமும் எல்லா வேளையும் இருக்கும்.

பணம்: பெரியவர்களுக்கு ஆளுக்கு ரூ.2,500, பிள்ளைகளுக்குப் பாதி. வேன் வாடகை, டிரைவர் பேட்டா, டோல், அறை, சனி மத்தியானச் சாப்பாடு, லட்டு, புத்தகம் எல்லாம் இதற்குள். ரயில் டிக்கெட் தனி. மீதி வந்தால் புத்தகத்தில் போடுவோம், பற்றாக்குறை வந்தால் பிறகு கேட்பேன், கணக்கைக் குழுவில் போட்டுவிடுவேன். முன்பணம் கொடுத்தவர்தான் வருகிறவர், "என் பேரையும் சேர்த்துக்கோங்க, அப்புறம் தரேன்" என்பது செல்லாது. கடைசி நேரத்தில் வர முடியாமல் போனால் உங்கள் இடத்தில் ஒருவரை அனுப்புங்கள், லாட்ஜ்காரர் முன்பணத்தைத் திருப்பித் தர மாட்டார்.

குழந்தை இல்லாதவர்கள் வரலாமா என்று இரண்டு பேர் தயங்கித் தயங்கிக் கேட்டார்கள். தாராளமாக வாருங்கள். பாட்டுப் பாட ஆள் வேண்டும், கோட்டை ஏறும்போது கை பிடிக்க ஆள் வேண்டும். அக்கா மகன், பக்கத்து வீட்டுப் பெண் என்று யாரையாவது கூட்டிவர முடிந்தால் இன்னும் நல்லது, அவர்கள் பெற்றோரிடம் கேட்டுக்கொண்டு. பாட்டு ஞாபகமில்லை என்பவர்களுக்கு நான் ஒரு தாள் அடித்துத் தருகிறேன், அதில் லட்டுப் பாட்டு இருக்காது, அதுகூட மறந்துபோனவரை அழைத்துப்போவதாக இல்லை.

டிக்கெட் பற்றிக் கடைசியாக. முன்பதிவு இப்போது 60 நாளைக்கு முன்னால்தான் திறக்கிறது, பழைய நினைப்பில் 120 நாள் என்று யாரும் கணக்குப் போட வேண்டாம். காலை எட்டு மணிக்குத் திறக்கும், ஒரு டிக்கெட்டில் ஆறு பேருக்கு மேல் போட முடியாது, ஆகவே குடும்பம் குடும்பமாக நீங்களே போட்டுக்கொள்ளுங்கள், ஒரே பெட்டியில் கிடைத்தால் அதிர்ஷ்டம். ஐந்து வயது நிறையாத பிள்ளைகளுக்கு டிக்கெட் வேண்டாம், ஐந்திலிருந்து பன்னிரண்டு நிறையாதவர்களுக்குத் தனி இருக்கை போட்டால் முழுக் கட்டணம், அதைப் போட்டுவிடுங்கள், மடியில் வைத்துக்கொண்டு புதுக்கோட்டைவரை யாராலும் முடியாது. பிள்ளைகளின் வயதையும், என்னென்ன சாப்பிடக் கூடாது என்பதையும், வேனில் வாந்தி எடுக்கிற பழக்கம் உண்டா என்பதையும் எனக்குத் தனியாக அனுப்புங்கள், முன் இருக்கை அவர்களுக்குத்தான். பெரியவர்களில் யாராவது அதே காரணத்தைச் சொல்லி முன் இருக்கை கேட்டால் கையில் எலுமிச்சம்பழம் தரப்படும்.